எழுத்துக் கூட்டிப் படித்தவர்

“தம்பி, சட்டையில பேரு போட எங்கனா பர்மிஷன் வாங்கணுமா?”

தண்ணீர் கேனைக் கடைக்குள் இறக்கி வைத்துவிட்டு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஸ்டேஷன் பக்கம் திரும்பும் சந்தில் அப்போதுதான் கடை போட்டிருந்தேன். இன்ஜினியரிங்கில் நாலு பேப்பர் எழுதியும் தேறாமல், மறைமலை நகர் கம்பெனிகளின் வாசலில் பயோடேட்டாவோடு நின்று அலுத்துப்போய் ஆரம்பித்த கடை. பத்துக்குப் பத்து அறை. ஒரு கம்ப்யூட்டர், வினைல் ஷீட்டில் எழுத்துகளை வெட்டும் மெஷின் ஒன்று, வெட்டிய எழுத்தைச் சூட்டில் அழுத்தித் துணியில் ஒட்டும் மெஷின் ஒன்று. பெரிய ஷோரூம்களில் ஜெர்சியின் முதுகில் பெயர் போடக் கேட்கும் விலைக்கு நான் இரண்டு மூன்று ஜெர்சிகளுக்கே போட்டுக் கொடுத்துவிடுவேன். வாசல் பலகையில் ‘பெயரும் எண்ணும் ரூ. 99 மட்டும்’ என்று எழுதி வைத்திருந்தேன்.

அந்தப் பலகையைத்தான் அவர் படித்திருக்கிறார். நான்காம் வகுப்போடு நிறுத்தியவர். விரலை ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே வைத்து, உதடு அசைய, கூட்டிக் கூட்டிப் படிப்பார். ஒரு வரியை முடித்ததும் ஏதோ பெரியவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டவர் போலத் தலையை ஆட்டுவார்.

“பர்மிஷன் எல்லாம் வேணாம்ணா. யாரு வேணா போட்டுக்கலாம்” என்றேன்.

“யாரு வேணான்னா?” நம்பாமல் பார்த்தார். “நம்ம பொண்ணு த்ரோபால் ஆடுது. ஸ்கூல்ல. அது பேரைக் கூடவா?”

பம்மலில் குடியிருந்தார். பழைய மொபெட்டில் இருபக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு பல்லாவரத்திலிருந்து குரோம்பேட்டை வரை வீட்டுக்கும் கடைக்கும் தண்ணீர் போடுவது தொழில். ஐம்பது வயதிருக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை என் கடைக்கு வருவார். நாலு வருடம் அப்படிப் பார்த்த மனிதரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல் என்றால், அச்சில் வந்ததை அவர் சந்தேகப்பட்டதே இல்லை என்றுதான் சொல்வேன்.

எங்கள் சந்து முனையில் ஒரு ஆஸ்பத்திரி உண்டு. மதிலில் ‘ஒலி எழுப்பாதீர், அமைதி காக்கவும்’ என்று ஒரு தகரம் அடித்திருக்கும். அதைக் கடந்துதான் எல்லாப் பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும் அலறிக்கொண்டு போகும். இவர் மட்டும் தகரத்துக்குப் பத்தடி முன்னாலேயே இறங்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு, எட்டு கேன் பாரத்தோடு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போவார். பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள். ஒருநாள் அந்த வழியாக வந்தபோது நானும் கை கொடுத்துத் தள்ளினேன்.

“ஏன்ணா இந்த வேலை? ஹாரன் அடிக்காம ஓட்டிட்டுப் போனா போதாதா?”

“அமைதின்னு போட்டு கீது தம்பி. இன்ஜின் சவுண்டு மட்டும் அமைதியா?”

இன்னொரு தடவை தாம்பரம் ரயிலில் பார்த்தேன். மத்தியான நேரம், பெட்டியே காலி. இவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னேன். இருக்கைக்கு மேலே ஒட்டியிருந்ததை விரலால் காட்டினார். மூத்த குடிமக்களுக்கானது என்று இருந்தது. எதிர் வரிசை காலியாக இருந்ததைச் சுட்டிக்காட்டியபோது, அதன்மேல் ஒட்டியிருந்த காகிதம் பாதி கிழிந்திருப்பதால் அது யாருக்கான சீட்டு என்று தெரியவில்லை, வம்பு வேண்டாம் என்றார். தாம்பரம் வரை நின்றேதான் வந்தார்.

அவர் கொண்டுவரும் கேன்களின்மேல் நீல நிறத்தில் ஒரு லேபிள் இருக்கும். அந்தத் தண்ணீரை எந்த போர்வெல்லில் எடுக்கிறார்கள், லேபிளை எங்கே ரோல் ரோலாக அடித்து வாங்குகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அடித்துக் கொடுப்பவன் என் சிநேகிதன். ஒருநாள் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கிறது என்று சொன்னேன். அவர் லேபிளைப் படித்தார். ‘சுத்திகரிக்கப்பட்டது’ என்ற அந்த நீளமான சொல்லைப் பாதி தூரம் போய்த் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, முழுசாக முடித்தார்.

“கரெக்டாத்தான் தம்பி கீது” என்று கவலையோடு என் முகத்தைப் பார்த்தார். “உங்களுக்கு ஜுரம் கிரம் இல்லியே? வாய் கசக்குதா?”

அந்த நாளில் இதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. சிநேகிதர்களிடம் நடித்துக் காட்டுவேன்.

மகளின் ஜெர்சியை அவர் கொண்டுவந்தது முதல் சந்திப்புக்கு ஒரு மாதம் கழித்து. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய மஞ்சள் ஜெர்சி. ‘பவித்ரா’ என்று போட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவரவில்லை. நானே அடித்தேன். அவசரத்தில் நடுவில் ஒரு ‘ஏ’ கூடிவிட்டது. மெஷின் வெட்டி, நான் ஒட்டி, பிளாஸ்டிக்கை உரித்த பிறகுதான் பார்த்தேன். பவித்ரா பவிதாரா ஆகியிருந்தாள்.

“ஸாரிண்ணா, தப்பாயிடுச்சு. உரிச்சிட்டு வேற போட்டுத் தரேன்.”

அவர் அந்த எழுத்துகளின்மேல் விரலை வைத்து வருடிக்கொண்டிருந்தார். ஆங்கிலமும் அவருக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தெரியும்.

“மெஷின்ல வந்தது தப்பா வருமா தம்பி? இஸ்கூல்ல வாத்தியாரு எழுதனதுதான் தப்பா இருக்கும்.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் சாயந்திரம் பவித்ராவே வந்தாள். ஒல்லியான, உயரமான பெண். அப்போது ஒன்பதாவதோ பத்தாவதோ படித்தாள். வியர்வையோடு, மூக்கு விடைக்க நின்றாள்.

“அண்ணா, எல்லாரும் பவிதாரா, பவிதாரான்னு கூப்பிடுறாங்க. அப்பா இதான் கரெக்ட்னு நோட்டுல எல்லாம் மாத்தச் சொல்றாரு. நீங்க சொல்லுங்கண்ணா அவருகிட்ட. நீங்க சொன்னா கேப்பாரு.”

இலவசமாக மாற்றிக் கொடுத்தேன். அவரிடம், மெஷினில் கோளாறு இருந்தது, இப்போது சரி செய்தாகிவிட்டது என்றேன். அதை உடனே ஏற்றுக்கொண்டார். இருந்தாலும் தவறான பெயரை விட மனமில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகும் யாராவது மகளின் பெயரை எழுதித் தரச் சொன்னால் அந்தக் கூடுதல் ‘ஏ’வைச் சேர்த்தே எழுதிக் கொடுப்பார்.

அவள் நன்றாக ஆடினாள். வட்ட அளவில், மாவட்ட அளவில் எல்லாம் ஜெயித்தாள். ஒவ்வொரு முறையும் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து எனக்குக் காட்டுவார். நான் படிக்கக் கூடாது. அவர்தான் படிப்பார். கேன் போட வேண்டிய வீடுகள் காத்திருக்க, மொபெட் வெயிலில் நிற்க, அவர் கூட்டிக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பவித்ரா பிளஸ் டூ படித்த வருடம் ‘செயலாளர்’ என் கடைக்கு வந்தார். தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். வெள்ளை ஷூ, நெஞ்சில் ஏதோ முத்திரை தைத்த கோட்டு, கழுத்தில் விசில். தேசிய அளவில் ஏதோ ஒரு விளையாட்டுச் சங்கத்தின் செயலாளராம். சங்கத்தின் பெயர் மூன்று வரி நீளம் இருந்தது. நேபாளத்தில் போட்டி. பையன்கள், பெண்கள் என்று நாற்பது ஜெர்சி. முன்னால் ‘இந்தியா’, பின்னால் பெயர், எண்.

“பேரு லிஸ்ட் இது. நம்பர் உங்க இஷ்டத்துக்குப் போட்டுக்கங்க.”

எனக்கு அங்கேயே சுருக்கென்றது. தெரு முனையில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள்கூட எண்ணுக்காக அடித்துக்கொள்வார்கள். இந்தியாவுக்கு ஆடப்போகிற அணிக்கு எண் என் இஷ்டமாம்.

“சார், ஒரே டீம்ல நம்பர் ரிப்பீட் ஆகக் கூடாதே. யாரு எந்த டீம்னு சொன்னீங்கன்னா…”

“அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம்.”

“இந்தியான்னு போடுறதுக்கு லெட்டர் ஏதாவது…”

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். என் பலகையைக் காட்டினார். “நாற்பது பீஸ் தம்பி. போடுறியா, இல்ல பக்கத்துக் கடைக்குப் போகட்டுமா? பிரிண்ட் போடுறதுதான உன் வேலை.”

போட்டேன். இரண்டு மாத வாடகை நிலுவை இருந்தது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அது உண்மைதான். ஆனால் வாடகை கட்டியிருந்தாலும் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பட்டியலை கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வந்தபோது இருபதாவது பெயரோ என்னவோ, அந்தக் கூடுதல் ‘ஏ’வோடு இருந்தது. பவிதாரா. வேறு யாராகவும் இருக்க முடியாது.

அடுத்த நாள் காலை அவர் தண்ணீர் கொண்டுவந்தபோது நாற்பது நீல ஜெர்சிகளும் மேசைமேல் அடுக்கியிருந்தன. கேனைக் கீழே வைக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மேலே இருந்த ஜெர்சியின் நெஞ்சைப் படித்தார். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. அந்த ஐந்தையும் படிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பிறகு கேனை இறக்கிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். ஆனாலும் தொடவில்லை.

“நம்ம பொண்ணுது இதுல கீதா தம்பி?”

எடுத்துக் காட்டினேன்.

“வூட்ல ஒரே சண்ட. மச்சான்காரன் வந்து குட்டைய கொழப்பிட்டுப் போய்ட்டான். இது ஏமாத்து வேலையாம். காசு கேக்கறவன் எப்படி இந்தியா டீமுக்கு எடுப்பான்னு கேக்கறான். பொஞ்சாதியும் செயினைக் கழட்ட மாட்டேன்னு ஒக்காந்துட்டா.” என் முகத்தைப் பார்த்தார். “இது கவர்மெண்ட்ல இருந்து வந்த ஆர்டருதான தம்பி? உங்களாண்ட குடுத்து போடச் சொல்லிக்கீறாங்கன்னா?”

மெஷின் சூடேறி விளக்கு பச்சையாக மாறியது. நான் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே “ம்” என்றேன்.

“அதான!” என்றார். “அச்சுல போட்டு கீது. அவன் என்னா சொல்றது?”

அன்று அவர் கேனுக்குக் காசு வாங்காமலே போய்விட்டார். மறந்துவிட்டார். அத்தனை சந்தோஷம். நான் கூப்பிட்டிருக்கலாம். காசு கொடுக்கக் கூப்பிடுகிற சாக்கில் சொல்லியிருக்கலாம். மொபெட் சந்து முனையில் நிற்பதும், அவர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே அந்த ஆஸ்பத்திரி மதிலைக் கடப்பதும் தெரிந்தது. கூப்பிடவில்லை. மனைவி சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள் என்று இரண்டு நாள் கழித்து அவரே சொன்னார்.

பவித்ரா போய் வந்தாள். கழுத்தில் பதக்கம், கையில் சான்றிதழ். அவர் தெருவில் ஒரு பேனர் கட்டினார். நீல ஜெர்சியோடு மகள், ஓரத்தில் கைகூப்பியபடி அவர். ஒருநாள் வந்து, இந்தியா என்று எழுதிய துணியைச் சோப்பு போட்டுத் துவைக்கலாமா, கொடியில் மற்ற துணிகளோடு சேர்த்துக் காயப் போடலாமா, அதற்கு ஏதாவது சட்டம் உண்டா என்று கேட்டார். தாராளமாகத் துவைக்கலாம், உள்பக்கம் திருப்பித் துவைத்தால் எழுத்து உரியாது என்றேன். அதன்படியே செய்வதாகச் சொன்னார். பவித்ராவைப் பற்றிக் கேட்டேன். வந்ததிலிருந்து சரியாகப் பேசுவதில்லை, அலைச்சல் போலிருக்கிறது என்றார்.

ஜூன் மாதம் காலேஜ் அட்மிஷன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அவளுக்கு இடம் உறுதி என்று எங்கள் சந்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். மாவட்டப் போட்டிகளில் அவள் வாங்கிய சான்றிதழ்களை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்தியாவுக்கு ஆடிய சான்றிதழ் இருக்கும்போது அந்தச் சின்னச் சின்னக் காகிதங்களைக் காட்டினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாராம். சான்றிதழ் கொடுக்க அதுவே கடைசி நாள். அடுத்த நாள் மாவட்டச் சான்றிதழ்களைக் கொண்டுபோனபோது பட்டியல் மூடிவிட்டது.

அங்கே நடந்ததை அவர் என்னிடம் சொன்னது கேன் இல்லாமல் வந்த ஒரே நாளில். மகள் உடன் வரவில்லை. பையிலிருந்து நீல ஜெர்சியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அந்தச் சங்கம் கவர்மெண்ட் லிஸ்ட்லயே இல்லையாம் தம்பி. க்ளார்க்கு நல்ல மனுஷன்தான். ஒக்கார வெச்சு சொன்னாரு. நான் இதை எடுத்துக் காட்டுனேன். ‘ஐயா, இத எந்தக் கடையில வேணா போட்டுக்கலாம்’னாரு.” ஜெர்சியின் எழுத்துகளை விரலால் நெருடினார். “எந்தக் கடையில வேணா போட்டுக்கலாமா தம்பி?”

நான் ஜெர்சியை மடிக்க ஆரம்பித்தேன்.

அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். கேன் தூக்கித் தூக்கி நடுவில் நைந்துபோன வெள்ளைத் துண்டு. “எனக்கு ஒண்ணு போட்டுக் காட்டுங்க.”

“வேணாம்ணா.”

“போடுங்க. பாக்கறேன்.”

கம்ப்யூட்டரில் அந்த அளவு அப்படியே இருந்தது. ஐந்து எழுத்தையும் மெஷின் வெட்டித் தள்ளியது. வேண்டாத வினைலை ஊசியால் கிள்ளி எடுத்தேன். ஒரு எழுத்தின் ஓரம் மடங்கியது. துண்டை விரித்து, எழுத்தை வைத்து, மெஷினை அழுத்தினேன். பதினைந்து விநாடியில் மணி அடித்தது. பிளாஸ்டிக்கை உரித்தேன்.

அவர் விரலை வைத்துப் படித்தார். “ஐ… என்… டி… ஐ… ஏ.”

பிறகு, “அவ்ளோதானா?” என்றார்.

“அவ்ளோதாண்ணா.”

“யாரு வந்து கேட்டாலும் போடுவீங்களா?”

“போடுவேன்.”

“என்னா போடச் சொன்னாலும்?”

“ஆமா.”

துண்டை எழுத்து உள்ளே போகும்படி நான்காக மடித்தார். தோளில் போட்டுக்கொண்டார். வாசலுக்குப் போனவர் நின்று என் பலகையைப் பார்த்தார். இந்த முறை படிக்கவில்லை. சட்டைப்பையில் கையை விட்டு நூறு ரூபாயை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் பின்னாலேயே ஓடிக் கொடுத்தும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகும் தண்ணீர் போட வந்தார். ஆனால் வந்தது அந்தப் பழைய மனிதர் இல்லை. ஆஸ்பத்திரி மதிலருகே எல்லோரையும் போல ஹாரன் அடித்துக்கொண்டு போனார். தண்டவாளத்தைக் கடக்காதீர் என்று எழுதியிருந்த இடத்திலேயே கேனோடு கடந்தார். மின்சார வாரியத்திலிருந்து வந்த கடைசி நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டார் என்றும், இரண்டு நாள் வீட்டில் விளக்கில்லை என்றும் கேள்விப்பட்டேன். ஏன்ணா இப்படி என்று கேட்டால், “அவன் ஒரு மெஷின் வெச்சிக்கினு போடுறான். நாம படிக்கணுமா?” என்பார்.

பவித்ரா அந்த வருடம் எங்கும் சேரவில்லை. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடப் போனாள். பந்தைத் தொடுவதில்லை என்றார். ஒருநாள் கேனை இறக்கும்போது அவருடைய வலது கால் பெருவிரலில் ஈரமான துணி சுற்றியிருப்பதைப் பார்த்தேன். துணியைத் தாண்டி வாடை வந்தது. கல் இடித்துவிட்டதாம். ஒரு மாதமாக ஆறவில்லையாம்.

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“போனேன். ரத்தம் எடுத்தாங்க. சக்கர முந்நூத்தி சொச்சம்னு ஒரு பேப்பர் குடுத்தாங்க.”

“மாத்திரை?”

“அதுவும் ஒரு சீட்டுல எழுதித்தான் குடுத்தாங்க.” சிரித்தார். “எனக்கு எந்த வலியும் இல்ல தம்பி. பேப்பர்தான் சக்கரன்னு சொல்லுது.”

“அண்ணா, அது வேற, இது வேற. பேப்பரை நம்புங்க.”

நான் இதைச் சொல்லலாமா? சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, காலிக் கேனை எடுத்துக்கொண்டு போனார். நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போய்க் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு ஏதோ ஒரு டோர்னமெண்டுக்கு ஐம்பது ஜெர்சி அவசர ஆர்டர். அடுத்த ஞாயிறும் ஏதோ ஒன்று.

ஒரு மாதம் கழித்து வேறு ஆள் தண்ணீர் கொண்டுவந்தான். அவருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றான்.

அடுத்த கோடையில் செயலாளர் மறுபடி வந்தார். இந்த முறை அறுபது ஜெர்சி. முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதிர்ச் சாரியில் மூன்று கடை தள்ளிப் புதிதாகத் திறந்திருந்த கடைக்குப் போனார். அங்கே பெயரும் எண்ணும் எண்பது ரூபாய். சாயந்திரம் அந்தக் கடை வாசலில் நீல ஜெர்சிகள் வரிசையாகத் தொங்கின. நான் என் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். நான் மறுத்ததால் எந்தப் பிள்ளையும் போகாமல் வீட்டில் நின்றுவிடவில்லை.

மறுநாள் பம்மலுக்குப் போனேன். அவருக்கு நேரில் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். ஒற்றை அறை, பின்னால் தடுப்பு போட்ட சமையல் இடம். கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. மனைவி பல்லாவரத்தில் கையுறை தைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தாள். பவித்ராவுக்கு அன்று விடுமுறை. என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனாள்.

“வாங்க தம்பி, வாங்க. கடைய வுட்டுட்டு ஏன் வந்தீங்க? இன்னா வெய்யிலு.” முகம் மலர்ந்துவிட்டது. யாரும் வருவதில்லை போலிருக்கிறது.

எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. “அண்ணா, எனக்கு அப்பவே தெரியும்” என்றேன்.

“இன்னா தெரியும்?”

“அந்த ஆளு போலின்னு. கவர்மெண்ட் ஆர்டரான்னு நீங்க கேட்டீங்களே, அப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ‘ம்’னு சொன்னேன். நீங்க செயினை வெக்கிறதுக்கு முன்னாடியே.”

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார், எழுந்து வரமுடியாத ஆத்திரத்தில் எதையாவது எடுத்து எறிவார் என்று நினைத்தேன். எறிந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினார்.

“தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க தம்பி.”

“இல்லண்ணா, நிஜமாத்தான். எனக்கு…”

“சொம்மா இருங்க. எனக்குத் தெரியாதா உங்கள? பவித்ரா பேரு தப்பா வந்தப்ப, காசு வாங்காம மாத்திக் குடுத்தீங்க. உங்களையும்தான் ஏமாத்திட்டான் அந்த பேமானி. அதுக்கு நீங்க ஏன் உங்க தலையில போட்டுக்கினு வந்து அழுவுறீங்க?” குரலைத் தாழ்த்தினார். “கால் போனதுக்கு மனசு கேக்காம வந்துகீறீங்க. எனக்குப் புரியுது. பேப்பரு, பலகை எல்லாம் பொய்யி தம்பி. மனுஷன் அப்பிடி இல்ல.”

அவர் புதிதாகத் தண்ணீர் போடுகிறவனைப் பற்றி விசாரித்தார். அவன் கேனைத் தரையில் உருட்டுவதாகக் கேள்விப்பட்டாராம், அப்படி உருட்டினால் மூடி கசியும், சொல்லிவையுங்கள் என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தேன்.

பவித்ரா வாசல் வரை வந்தாள். கதவைப் பாதி சாத்திவிட்டு, படியில் நின்றுகொண்டாள். பந்து எறிகிற கை, மணிக்கட்டெல்லாம் மெலிந்துபோயிருந்தது.

“நான் கேட்டுட்டுதான் இருந்தேன்” என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

“எனக்கு ரயில்லயே தெரிஞ்சிடுச்சுண்ணா. கூட வந்த பொண்ணுங்கள்ல பாதிப் பேருக்குப் பந்தைப் புடிக்கவே தெரியல. ஒரு பொண்ணு எங்கிட்டயே ரூல்ஸ் என்னன்னு கேட்டா. கூடூர் தாண்டுறதுக்குள்ள எனக்குத் தெரியும். இறங்கித் திரும்பியிருக்கலாம். போன் பண்ணியிருக்கலாம்.” தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அப்பா சென்ட்ரலுக்கு வந்து கையாட்டிட்டு நின்னாரு. நான் சொல்லல. வந்ததுக்கு அப்புறமும் சொல்லல. காலேஜ்ல கேட்ட அன்னிக்கு, எனக்கும் அப்பத்தான் தெரிஞ்ச மாதிரி அழுதேன்.”

“நீ சின்னப் பொண்ணும்மா” என்றேன்.

“நீங்க இனிமே வராதீங்கண்ணா. இன்னிக்கு நம்பல. நாலு தடவ வந்து சொன்னீங்கன்னா நம்பிடுவாரு.” அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. “அடுத்தது என்னைத்தான் கேப்பாரு.”

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. “பவித்ரா, தம்பிக்கு டீ போட்டுக் குடுத்தியா?”

“குடிச்சிட்டாருப்பா” என்று அவள் திரும்பாமலே சொன்னாள்.